கர்னல் ருசி பார்த்த சட்டி

ஏனோஸ் வெல்லகாட் வருவது, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ஹேதர்கூம் கடைவீதிக்குத் தெரிந்துவிடும். ஆட்டுக் கொழுப்பின் வாசனை முதலில் வரும், அவர் பின்னால் வருவார். கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி செய்வது அவருடைய தொழில். அப்பா செய்தார், அவரும் செய்தார். அந்த வாசனை சட்டையில், தலைமுடியில், ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டில்கூட ஏறியிருந்தது. ஜெபக்கூடத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும். மனைவி தாம்சினுக்குக் கல்யாணமான புதிதிலேயே மூக்கு செத்துவிட்டது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

சண்டை என்றால் அவருக்கு ஆகாது. பாலத்தின் நடுவில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, வண்டிக்காரர்கள் சாட்டையை ஓங்கினால், ஏனோஸ் இடையில் போய் நின்று, ரெண்டு பேர் சொல்றதும் சரிதானே என்பார். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள். வாங்கிக்கொண்டு சிரிப்பார். யாருக்கும் விரோதியாகாமல் ஐம்பது வயதுவரை வந்து சேர்ந்ததுதான் தன் வாழ்க்கையின் ஒரே சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார். மெழுகுவத்தியை மந்திரி கட்சிக்காரனும் வாங்குகிறான், எதிர்க்கட்சிக்காரனும் வாங்குகிறான். இருட்டு எல்லார் வீட்டுக்கும்தானே வருகிறது.

சில வருடங்களுக்கு ஒருமுறை இந்த மனிதருக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிடும். அந்த ஊரில் பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்பும் உரிமை அடுப்பை வைத்து வருவது. சொந்த அடுப்பில் சொந்தச் சட்டியைக் கொதிக்க வைக்கிற வீட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஓட்டு. சட்டிக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். விதவை வீட்டுச் சட்டி எவ்வளவு கொதித்தாலும் கணக்கில் வராது. தேர்தல் என்று அறிவித்ததும் சட்டிக்காரர்கள் எல்லோரும் சட்டியைத் தூக்கிவந்து, வாசலில் மூன்று கால் இரும்புச் சட்டத்தில் மாட்டி, ஊர் பார்க்கக் கொதிக்கவைப்பார்கள். வேட்பாளர் வீடு வீடாக வந்து ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடுவார். அப்படிச் சாப்பிட்டால் அந்த வீட்டுக்காரனின் உரிமையை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு ஓட்டு நாளன்று, சந்தையில் கட்டிய மேடையில் ஏறி, மேயர் முன்னால், கூட்டத்தின் முன்னால், யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காதோடு காதாகச் சொல்வதெல்லாம் அங்கே செல்லாது.

பிரெஞ்சுக்காரனோடு சண்டை தொடங்கிய மூன்றாவது வருடம், இலைகள் உதிர்கிற காலத்தில், ஊரின் பழைய உறுப்பினர் சாப்பாட்டு மேஜையிலேயே சாய்ந்து செத்துப்போனார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கம்பளி வியாபாரி சாமுவேல் டாக்கெட். ஜெபக்கூடத்துக்காரர்கள் அத்தனை பேரும் டாக்கெட் பக்கம். இன்னொருவர் கர்னல் டெல்வின். ஊருக்கு வடக்கே இருந்த பெரிய பண்ணையின் சொந்தக்காரர். சண்டை வந்ததும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு படையை உண்டாக்கியவர். அந்தப் படை ஹேதர்கூமின் சத்திரங்களிலும் தானியக் கிடங்குகளிலும்தான் தங்கியிருந்தது.

ஏனோஸின் ஒரே மகன் சைலஸ் அந்தப் படையில் இருந்தான்.

அவன் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அறுவடைத் திருவிழாவில் ஒரு பெண்ணை ஆடக் கூப்பிட்டான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அரைமணி நேரத்துக்குள் சைலஸ் சார்ஜென்டின் கையிலிருந்து, படையில் சேர்ந்ததற்கு அடையாளமான ராஜாவின் ஷில்லிங்கை வாங்கிக்கொண்டு, தொப்பியில் ரிப்பன் கட்டியிருந்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஏனோஸ் திட்டவில்லை. அவன் சொன்னதும் சரிதான், இவர் நினைத்ததும் சரிதான் என்று பேசாமல் இருந்துவிட்டார். தாம்சின்தான் ஒருவாரம் இரண்டு பேருக்கும் முகம் கொடுக்கவில்லை.

இப்போது ஊரில் ஒரே பேச்சு, கப்பலைப் பற்றியது. படையில் பாதியை மேற்கிந்தியச் சர்க்கரைத் தீவுகளுக்கு அனுப்பப் போகிறார்கள், பிளிமத் துறைமுகத்தில் கப்பல் தயாராகிறது என்று சொன்னார்கள். சர்க்கரைத் தீவு என்றால் அந்த ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பட்டாளக் கம்பெனி முழுசாகப் போனது. பிரெஞ்சுக்காரனின் குண்டு பட்டுச் செத்தவன் ஒருவன்கூட இல்லை. மஞ்சள் காய்ச்சல் தின்றது போக மிச்சம் திரும்பி வந்தவர்கள், சத்திரத்தில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிற அளவுக்குத்தான் இருந்தார்கள். அவர்களும் கையெல்லாம் நடுங்கித்தான் குடித்தார்கள்.

யார் போவது, யார் இங்கேயே கரையைக் காப்பது என்று இன்னும் தெரியவில்லை. அதை முடிவுசெய்ய வேண்டியவர் கர்னல். அவர் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏனோஸ் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு முற்பகலில். கூட வக்கீல் ஹனிசர்ச். கர்னலுக்குத் தேர்தல் வேலை பார்க்கிறவர், மெலிந்த ஆள், எப்போதும் ஜலதோஷம். தெருவில் வரிசையாகச் சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. கர்னல் சிவப்புக் கோட்டுப் போட்டிருந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மிஸ்டர் வெல்லகாட்" என்றார். ஏனோஸுக்கு யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. அதுவரை ஒரு அதிகாரியும் அவரை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை.

வாசலிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்றுதான் தாம்சின் நினைத்தாள். கர்னல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிலைப்படிக்குக் குனிந்து உள்ளே வந்து, அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சைலஸ் உட்காருகிற நாற்காலி. ஹனிசர்ச் வெளியிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். பார்லியும் டர்னிப்பும், ஒரு துண்டு பன்றிக் கறியும். கர்னல் ஊதி ஊதிச் சாப்பிட்டார். உப்பு கச்சிதம் என்று தாம்சினைப் பார்த்துச் சொன்னார். ஓட்டு என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை.

சைலஸைப் பற்றித்தான் பேசினார். முதலில் துப்பாக்கியைத் துடைப்பம் மாதிரிப் பிடித்தவன், இப்போது அவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்றார். உயரத்துக்கு ஏற்ற தோள் என்றார். ஒரு நல்ல குதிரையைப் பற்றிப் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு அங்கமாக, சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஏனோஸ் தலையாட்டினார். தாம்சினால் பொறுக்க முடியவில்லை.

"கப்பல் போகுதுன்னு பேசிக்கிறாங்களே, ஐயா?"

"போகுதும்மா" என்றார் கர்னல். "பாதிப் பேர் போகணும். யாருன்னு நான் இன்னும் நினைச்சே பார்க்கல. தேர்தல் முடியட்டும்னு இருக்கேன். ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தைப் போட்டு மனசைக் குழப்பிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்து, கரண்டியை அதற்குள் குறுக்காக வைத்து, தாம்சினிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். போகும்போது மறுபடியும் மிஸ்டர் வெல்லகாட் என்றார். தெருவில் அடுத்த வீட்டுச் சட்டிக்கு அவர் குனிவதை ஏனோஸ் கதவோரமாக நின்று பார்த்தார். அந்த வீட்டுப் பிள்ளையும் படையில்தான் இருந்தான். அதற்கடுத்த வீட்டிலும் ஒருவன்.

தாம்சின் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்தாள். கர்னலுக்கே போட்டுவிடுங்கள் என்றாள். சபை கோபப்படும், கோபப்பட்டால் ஒரு வருடம் பேசாமல் இருப்பார்கள், பிறகு பேசுவார்கள், கப்பல் அப்படியில்லை என்றாள். ஏனோஸுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் மாலையில் ஆபேல் யோ வந்தார். அவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது.

ஆபேல் யோ தாம்சினின் அண்ணன், செருப்புத் தைக்கிறவர், சபையின் மூப்பர். அவருடைய மகன் கிதியோனும் சைலஸ் இருந்த அதே கம்பெனியில் இருந்தான். அதனால் அவர் பேசும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. சிவப்புக் கோட்டுப் போட்டவன் பாராளுமன்றத்துக்குப் போனால் நாளைக்கு ஜெபக்கூடத்து வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிற்பான், வரியைக் கத்தியால் வசூல் பண்ணுவான், ஊரைப் பட்டாளமாகவும் பட்டாளத்தை ஊராகவும் ஆக்கிவிடுவான் என்று நிறுத்தாமல் பேசினார். சபை மொத்தமும் டாக்கெட்டுக்குச் சொல்வதாக முடிவாகிவிட்டது என்றார். டாக்கெட்டின் நெசவுக் கூடத்துக்குக் குளிர்காலம் பூராவும் மெழுகுவத்தி போவது எங்கிருந்து என்பதையும் ஞாபகப்படுத்தினார். ஏனோஸ் பையனைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.

"என் பையன் மட்டும் என்ன, மரக்கட்டையா? நான் சொல்லப் போறேன்ல, ஊரு கேக்க?" என்றார் ஆபேல். ஏனோஸ் தரையைப் பார்த்தபடி நின்றதும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மாப்ளே, மத்தவனுக்கெல்லாம் முதுகெலும்பு இருக்கிற இடத்துல உங்களுக்குத் திரி ஓடுதா?"

ஏனோஸ் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ஓட்டுக்கு முந்தின நாள் காலையில் படை ஊரைவிட்டு வெளியேறியது. தேர்தல் நடக்கும் ஊரிலிருந்து பட்டாளம் இரண்டு மைல் தள்ளி நிற்க வேண்டும், ஓட்டு முடிந்த மறுநாள்தான் திரும்பலாம் என்பது சட்டம். யாரும் துப்பாக்கிக்குப் பயந்து ஓட்டுப் போடக்கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். கர்னல் அதை ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப்போய் மைல்கல்லைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் முளையடித்துக் கூடாரம் போடச் சொன்னார். அது காவல் குன்றின் உச்சி. அங்கே போட்ட வெள்ளைக் கூடாரங்கள் ஊரின் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெரிந்தன. காலையிலும் மாலையிலும் முரசு அடித்தார்கள். ஊருக்குள் இருந்தவரை அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்ததில்லை. இப்போது முரசு தொடங்கினால் சந்தையில் பேச்சு நின்றது.

அன்றைக்குத்தான் ஏனோஸுக்கு அந்த யோசனை வந்தது. கொழுப்புக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தவர் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு நின்றார். கர்னலுக்குச் சொன்னால் சபை போய்விடும், டாக்கெட்டுக்குச் சொன்னால் பையன் போய்விடுவான். ஆனால் ஓட்டே இல்லை என்றால்? இல்லாத ஓட்டை யாருக்குப் போட்டாய் என்று யார் கேட்க முடியும்? கர்னல் கோபித்துக்கொள்ளக் காரணமில்லை, ஆபேலும் கோபித்துக்கொள்ளக் காரணமில்லை. இத்தனை நாள் இது தோன்றாமல் போனது எப்படி என்று அவருக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

ஓட்டுக்கு முந்தின ஒரு வருடத்துக்குள் ஊர்த் தர்மத்தில் ஒரு வாய் சாப்பிட்டவன் சட்டிக்காரன் ஆக முடியாது. தன் சட்டி தனக்குப் போதவில்லை என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்த வருடம் கோதுமை விலை ஏறி, பல வீடுகளில் சட்டி கவிழ்ந்துதான் கிடந்தது. ராஜாவின் சபையைச் சேர்ந்த பெரிய கோவிலின் முகப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் தர்ம ரொட்டி கொடுத்தார்கள்.

ஏனோஸ் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அவருடைய சபைக்காரர்கள் அந்தக் கோவில் முகப்பை மிதிக்கிறவர்கள் அல்ல. வரிசையில் நின்ற கிழவிகள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்த தர்ம மேற்பார்வையாளர் பிட்டன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசல் மாறி வந்துட்டீங்க, வெல்லகாட். உங்க ஜெபக்கூடம் ஆத்துக்கு அந்தப் பக்கம்."

தன் பேருக்கு ஒரு ரொட்டி வேண்டும் என்றார் ஏனோஸ். பிட்டன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாளைக்கு ஓட்டு, தெரிந்துதான் கேட்கிறீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார். தெரியும் என்றார் ஏனோஸ். சின்ன ரொட்டி, பாதி பார்லி மாவு. அதை வாங்கி அங்கேயே படியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கப் பிய்த்துத் தின்றார். தொண்டையில் மாட்டியது. ஒரு கிழவி தன் குவளையிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தாம்சினிடம் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார், ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டவரைப் போல. அவள் வாசலில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைப் பார்த்தாள். அதைக் கொக்கியிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தக் கர்னல் நம்ம வீட்டுக்குள்ள வந்து, நம்ம நாற்காலியில உக்காந்து, நம்ம கிண்ணத்துல சாப்பிட்டாரே. எதுக்குன்னு நினைச்சீங்க? என் சமையலுக்கா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று ஏனோஸுக்கு விளங்கவில்லை. பயத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சந்தை நிரம்பி வழிந்தது. மேடையின் ஒரு பக்கம் டாக்கெட், கழுத்துத் துணி வேர்வையில் நனைய உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் கர்னல். மேலே ஏறி வந்த ஒவ்வொருவனையும் பேர் சொல்லி விசாரித்தார். அவருடைய ஆட்கள் யாரும் கூட்டத்தில் இல்லை, ஒரு கத்திகூட இல்லை. குன்றின் மேல் கூடாரங்கள் வெயிலில் தெரிந்தன. கர்னல் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஏறுகிறவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபேல் யோவின் முறை வந்தது. ஏறி, மேயருக்கு நேராக நின்று, "சாமுவேல் டாக்கெட்டுக்கு" என்றார். குரல் நடுங்கவில்லை. ஆனால் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், பின்னால் நின்றவர்களுக்கு அந்தக் கைகள் தெரிந்தன. கர்னல் தொப்பியைத் தூக்கி அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

ஏனோஸ் வெல்லகாட் என்று கூப்பிட்டார்கள். இரண்டு பக்கத்து வக்கீல்களில் எவனாவது எழுந்து, இவன் தர்ம ரொட்டி தின்றவன், ஆட்சேபணை என்று சொல்வான், தான் தலைகுனிந்து இறங்கிவிடலாம் என்றுதான் அவர் நினைத்து வந்திருந்தார். யாரும் எழவில்லை. டாக்கெட்டின் ஆள் இவர் நம்மவர் என்று சும்மா இருந்தான். ஹனிசர்ச்சும் இவர் நம்மவர் என்று நினைத்தோ என்னவோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மேயர் இரண்டாவது தடவையும் கேட்டார், யாருக்கு என்று.

"எனக்கு ஓட்டு இல்லீங்க" என்றார் ஏனோஸ். "நேத்துத் தர்ம ரொட்டி சாப்பிட்டுட்டேன்."

முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். அது பின்னால் பரவுவதற்குள் அமுங்கிவிட்டது. ஏனோஸ் கர்னலைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை, உங்களுக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிற பார்வை. கர்னல் கோபப்படவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பும் அப்படியே இருந்தது. கண் மட்டும், சரக்கு இல்லாத கடையைத் தாண்டிப் போகிறவனின் கண் மாதிரி, ஏனோஸைத் தாண்டி, படியில் அடுத்து ஏறிக்கொண்டிருந்தவன் மேல் போய் நின்றது. "மிஸ்டர் பஸ்டார்ட், பசு கன்னு போட்டுதா?" என்று அவனை விசாரித்தார்.

கர்னல் ஜெயித்தார். வித்தியாசம் அதிகமில்லை. ஆபேல் யோ அன்று மாலை தங்கை வீட்டுக்கு வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. யாரும் திட்டவுமில்லை. ஏனோஸ் தான் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது என்று தாம்சினிடம் இரண்டு தடவை சொன்னார்.

சட்டப்படி மறுநாள், படை முரசோடு ஊருக்குள் இறங்கி வந்தது. சந்தையில், மேடையை இன்னும் பிரிக்காமல் இருந்த இடத்தில், கம்பெனி கம்பெனியாக நிறுத்தினார்கள். ஊரே ஓரத்தில் நின்றது. பெரிய சார்ஜென்ட் ஒரு பிரம்போடு வரிசை ஓரமாக நடந்து வந்தான். பிரம்பு யார் தோளில் படுகிறதோ அவன் ஓரடி முன்னால் வர வேண்டும். முன்னால் வந்தவன் கப்பலுக்கு.

ஏனோஸ் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரம்பு முதலில் பட்டது விதவை ரோஸ்வாராவின் மகன் மேல். பிறகு, குன்றுக்கு அப்பால் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள் மேல், ஒன்று, இரண்டு, நான்கு. பிறகு, போன குளிர்காலத்திலிருந்து தர்ம ரொட்டியில் ஓடுகிற நெசவாளி ஒருவரின் மகன் மேல். பிரம்பு கிதியோன் யோவிடம் வந்தபோது ஏனோஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் கேட்க எதிர்த்துச் சொன்னவரின் பிள்ளை. கண்ணைத் திறந்தபோது பிரம்பு அவனைத் தொடாமல் தாண்டியிருந்தது. கிதியோனுக்கு அடுத்து நின்றவன் சைலஸ். பிரம்பு அவன் தோளில் பட்டது. சைலஸ் ஓரடி முன்னால் வந்து நின்றான்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஆபேல் யோ நின்றிருந்தார். ஏனோஸ் பார்ப்பது தெரிந்ததும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தார்.

ஹனிசர்ச் சத்திர வாசலில் நின்று சூடான ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். ஏனோஸ் ஓட்டமும் நடையுமாகப் போய் அவர் முன்னால் நின்றார். தான் கர்னலுக்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லையே, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, எதிர்த்தவர் பிள்ளையை விட்டுவிட்டு என் பிள்ளையை எடுக்கலாமா என்று கேட்டார். ஹனிசர்ச் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பேசினார்.

"யோ எதிர்த்துத்தான் போட்டார். வர்ற வசந்தத்துல பொதுத் தேர்தல் வருது, கர்னல் மறுபடி நிக்கணும். அப்ப யோ வீட்டுக்கு இன்னொரு தரம் போவோம், பையன் எப்படி இருக்கான்னு பேசுவோம். பேசறதுக்கு அங்க ஒண்ணு இருக்கு. பையன் கண் முன்னால இருந்தாத்தானே பேச முடியும்? உங்க வீட்டுக்கு நாங்க எதுக்கு வரணும், வெல்லகாட்? அடுத்த இலையுதிர் வரைக்கும் உங்ககிட்ட என்ன இருக்கு?"

இப்போது மிஸ்டர் இல்லை என்பதை ஏனோஸ் கவனித்தார். தான் அந்த ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக, அதற்கு இரண்டு பங்கு, பத்துப் பங்கு கொடுப்பதாகச் சொன்னார். ஹனிசர்ச் குவளையைக் காலி செய்தார்.

"சாப்பிட்டதை எப்படித் திருப்புவீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து ஏனோஸ் சொல்லத் தொடங்கியதும் தாம்சின் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், உப்புப் போட்ட கறியும் கம்பளிக் காலுறையும் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். அந்தச் சூட்டுத் தீவில் கம்பளிக் காலுறை எதற்கு என்று ஏனோஸ் கேட்கவில்லை. நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், நான் வந்தால் அவன் முன்னால் அழுவேன் என்றாள்.

கப்பலுக்குப் போகிறவர்களை அன்று மதியமே கிளப்பினார்கள். பிளிமத் சாலையில் நான்கு நான்கு பேராக நடந்தார்கள். ஏனோஸ் மூட்டையோடு பக்கத்தில் நடந்தார். சார்ஜென்ட் பார்த்தான், தடுக்கவில்லை. இன்னும் சில அப்பாக்களும் அம்மாக்களும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். சைலஸ் மூட்டையை வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து கொழுப்பு வாசனை போயிருந்ததை ஏனோஸ் அப்போதுதான் உணர்ந்தார். பட்டாள வார்களுக்குப் பூசும் சுண்ணாம்பும் தோலும்தான் மணத்தன. கொஞ்ச தூரம் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு சைலஸ், முன்னால் நடப்பவனின் முதுகைப் பார்த்தபடியே கேட்டான். "முகாம்ல பேசிக்கிட்டாங்கப்பா. வீட்டுல எப்படிப் போடுறாங்களோ அதை வெச்சுத்தான்னு. நீங்க யாருக்குப்பா போட்டீங்க?"

ஏனோஸ் நடந்தார். சாலை ஈரமாக இருந்தது, காலணிகள் எல்லாம் ஒரே சத்தமாக விழுந்தன.

"கர்னலுக்குத்தான்டா" என்றார்.

சைலஸின் முகம் தெளிந்துவிட்டது. சின்ன வயதில் காய்ச்சல் விட்டதும் அவன் முகம் அப்படித்தான் தெளியும். "அப்ப ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றான். "சார்ஜென்ட் ஆளை மாத்தித் தொட்டிருப்பான். இன்னைக்குள்ள கர்னலுக்குத் தெரிஞ்சிடும்ப்பா. குதிரையில ஆள் அனுப்பி என்னைத் திருப்பிடுவார், பாருங்க. நீங்க ஏன் இவ்ளோ தூரம் நடக்கறீங்க, வீட்டுக்குப் போங்க."

ஏனோஸ் வாயைத் திறந்தார். முன்னால் முரசு தொடங்கிவிட்டது. சார்ஜென்ட் கூட வந்தவர்களைப் பார்த்துப் பிரம்பை நீட்டினான், இதோடு போதும் என்று. எல்லோரும் சாலையோரத்தில் நின்றுவிட்டார்கள்.

வரிசை மேட்டில் ஏறி வளைவை நோக்கிப் போயிற்று. சைலஸ் உயரமானவன், கடைசிவரை தெரிந்தான். வளைவுக்குள் மறைவதற்கு முன்னால் மூன்று தடவை திரும்பினான். ஏனோஸ் மூன்று தடவையும் கையைத் தூக்கினார். அவன் பார்த்தது அப்பாவை இல்லை. அவருக்குப் பின்னால், ஊர்ப் பக்கத்திலிருந்து குதிரை வருகிறதா என்று பார்த்தான்.